குட்டிச்சாத்தானும் கண்ணாடியும்

மாயமந்திரப் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா எனச் சிராங்கூனில் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. அப்போதெல்லாம் 'மை டியர் குட்டிச்சாத்தான்' நினைவுக்கு வரும். நவோதயா அப்பச்சன் தயாரிக்க, அவர்தம் மகன் ஜிஜோ இயக்க, இளையராஜா இசையமைத்த மலையாளப் படம். 1984 ஆகஸ்ட் 24 அன்று வெளியான இதுவே இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம்.

மந்திரவாதியிடம் அடிமைப்பட்ட குட்டிச்சாத்தானைச் சிறார் மூவர் விடுவித்து நட்புக் கொள்கின்றனர். அவர்களுள் ஒருத்தியின் தந்தையோ குடிக்கு அடிமை. அச்சிறுமி உண்மையில் எதற்கு அஞ்சினாள் என்பதைப் பெற்றோர் கவனித்துப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடக்கும் காட்சி கணினி வித்தையன்று. அறையையே இரும்புச் சட்டத்துள் அமைத்துச் சுழற்றினர். ஒளிப்பதிவுக் கருவியும் உடன் சுழன்றது.

மக்களை அச்சுறுத்தியது சாத்தானன்று, கண்ணாடி! திரையரங்கில் தரும் கண்ணாடியால் 'மெட்ராஸ் ஐ' பரவுவதாக வதந்தி கிளம்பிற்று. ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் கண்ணாடிகள் தூய்மை செய்யப்படுகின்றன என்று பிரேம் நசீர், அமிதாப் பச்சன், ரஜினிகாந்த் முதலியோரைப் பேசச் செய்து படத்துடன் இணைத்தார் ஜிஜோ.

2010இல் புதிய காட்சிகளுடன் 'சுட்டி சாத்தான்' என்று தமிழிலும் வந்தது. இக்கதையை வகுப்பில் சொன்னபோது மாணவர் எவரும் மந்திரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த அறையைச் சுழற்றியவர் யார் என்றே கேட்டனர்.