டைபாய்டு மருந்தும் கிருமியின் தந்திரமும்

டைபாய்டு காய்ச்சலை ஓர் ஆன்டிபயாட்டிக் மருந்து முதன்முதலாக அடக்கியது நம் கோலாலம்பூரில்தான் என்றால் நேயர்கள் பலருக்கு வியப்பாயிருக்கும். ஆண்டு 1948. லாலாங் புல்லில் வாழும் சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்கிரப் டைபஸ் காய்ச்சல், செம்பனைத் தோட்டத் தொழிலாளரை வாட்டிய காலம் அது. அதற்குப் புது மருந்தைச் சோதிக்க, டாக்டர் ஸ்மேடல் தலைமையில் ஓர் அமெரிக்கக் குழு இங்குள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு வந்தது. மருந்தின் பெயர் குளோரோமைசெட்டின். வெனிசுவேலா நாட்டு மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் தந்த மருந்து.

ஸ்கிரப் டைபஸ் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்டவர்களில் சிலருக்கு உண்மையில் டைபாய்டு. அவர்களுக்கும் காய்ச்சல் இறங்கிவிட்டது! மூன்று நான்கு வாரம் எரித்து, குடலைப் புண்ணாக்கி, பலரைக் கொண்டுபோன நோய் சில நாளில் அடங்கியது. பெனிசிலின் கதை தெரிந்த அளவுக்கு இது நம்மவருக்குத் தெரியாதது வருத்தமே.

இருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1972-இல் மெக்சிகோவில் ஆயிரக்கணக்கானோருக்கு டைபாய்டு கண்டது. அதே மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. அதே ஆண்டு கேரளத்துக் கோழிக்கோட்டிலும் இதே நிலை.

எப்படி? களைக்கொல்லி தெளித்த பாத்தியில் மடியாமல் நிற்கும் ஒன்றிரண்டு செடிகளே பிறகு விதை பரப்புவதை நாம் தோட்டத்தில் பார்க்கிறோம். கிருமியும் அப்படியே. கோடியில் ஒன்று மருந்தைத் தாங்கும். மற்றவை மாண்டபின் அது பெருகும், அரை மணிக்குள் ஒன்று இரண்டாக.

அதைவிடப் பொல்லாத வழி ஒன்றும் உண்டு. ஜப்பானில் 1950-களில் சீதபேதிக் கிருமி ஒன்று, நான்கு மருந்துகளை ஒரே சமயத்தில் எதிர்த்தது. 1959-இல் காரணம் புலப்பட்டது: கிருமிகள் ஒட்டி நின்று, எதிர்ப்பாற்றலை எழுதிவைத்த சிறு வளையம் ஒன்றைக் கைமாற்றிக்கொள்கின்றன. குடலில் சாதுவாய் வாழும் கிருமிகூட, வந்த நோய்க்கிருமிக்கு அதைத் தந்துவிடும். கோழிக்கோட்டுக் கிருமியிடமும் இத்தகைய, கைமாறக்கூடிய எதிர்ப்பாற்றலே இருந்தது. ஆகவே சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குவதும், மிச்ச மாத்திரையைப் பக்கத்து லயத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதும் அந்த ஒருவரோடு முடிகிற காரியமல்ல.

பின்னர் மருத்துவர்கள் வேறு மருந்துகளுக்கு மாறினர். பழைய மருந்தின் பயன்பாடு குறையக் குறைய, இந்தியாவின் பல ஊர்களில் டைபாய்டுக் கிருமி மீண்டும் அதற்குப் பணியலாயிற்று. ஆனால் 2016-இல் பாகிஸ்தானின் சிந்து மாநிலத்தில் கிளம்பிய கிருமி, பழையதோடு புதியவற்றையும் சேர்த்து ஐந்து வகை மருந்துகளை எதிர்த்து நின்றது.