கலீபாவின் முகம்

மருதானை டவர் மண்டபம் 1911 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதே பகுதியில் இருந்த ஸாஹிராக் கல்லூரிக்கு அப்போது பத்தொன்பது வயது. மண்டபத்தில் ஆடப்பட்ட நூர்த்தி என்னும் சிங்கள இசைநாடகம், 1880களில் கொழும்புக்கு வந்துபோன பார்ஸி நாடகக் குழுக்களிடமிருந்து பாட்டையும் பட்டாடையையும் எடுத்துக்கொண்டது. கல்லூரியோ எகிப்தில் ஆங்கிலேயரிடம் தோற்று 1883இல் இங்கே நாடு கடத்தப்பட்ட ஒராபி பாஷாவின் ஊக்கத்திலும், சித்திலெப்பை, வாப்பிச்சி மரிக்கார் ஆகியோரின் முயற்சியிலும் எழுந்தது. மேடை இத்தனை அருகில் இருந்தும், கலீபா வம்சங்களான உமையாக்களும் அப்பாஸியாக்களும் இன்றும் நம் மாணவர்களுக்கு உயர்தர இஸ்லாமிய நாகரிகப் பாடத்தில் பரீட்சைக் கேள்விகளாகவே அறிமுகமாகிறார்கள். அவர்களை அரபுத் தொலைக்காட்சித் தொடர்கள் நடமாட விட்டதும், நாடகமே நமக்கு ஆகாதது என்ற பழைய வாதம் மீண்டும் எழுகிறது.

வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இராஜநாயகம் பாடிய வண்ணக்களஞ்சியப் புலவரே அலிபாதுஷா நாடகத்தையும் இயற்றினார். சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’ நாவலின் நாயகன் எகிப்தில் பிறந்தவன். ஆனால் பாதுஷாவும் அசனும் கற்பனை மாந்தர். நான்காம் கலீபா அலியாரின் வீரத்தைப் படைப்போர் என்னும் போர்ப்பாடல் இலக்கியம் தாராளமாகப் பாடியது, ஆனால் அது காதுக்கு மட்டும். ஆக, எங்கள் மரபு நாடகத்தை விலக்கவில்லை. யாருக்கு முகம் கொடுக்கலாம் என்பதில்தான் கோடு கிழித்தது.

அரபுத் தொலைக்காட்சியும் வெகுகாலம் அந்தக் கோட்டை ஒட்டியே நடந்தது. அரச வம்சங்கள் அங்கே இத்தனை செல்வாக்குப் பெற்றதற்கு இதுவே முதற்காரணம் என்பேன். சிரிய இயக்குநர் ஹாத்திம் அலியும் எழுத்தாளர் வலீத் ஸைஃபும் 2002இல் ‘ஸக்ர் குறைஷ்’ தொடரைத் தந்தார்கள். அப்பாஸியாக்களின் வாளுக்குத் தப்பி ஓடி, 756இல் குர்துபாவில் ஆட்சி நிறுவிய முதலாம் அப்துர் ரஹ்மானின் கதை அது. உமையாவாக இருந்தாலும் அவர் ஸஹாபி, அதாவது நபித்தோழர், அல்லர். நடிகர் ஒருவர் அந்த வேடம் பூணுவதில் சிக்கல் இல்லை. அதே இருவர் ‘உமர்’ தொடரில் ஸஹாபிகளான முதல் நான்கு கலீபாக்களுக்கும் முகம் கொடுத்தது 2012இல்தான். எகிப்தின் அல் அஸ்ஹர் நிறுவனம் எதிர்த்தது. ஆனால் யூஸுஃப் அல் கர்ழாவி முதலான அறிஞர்கள் பிரதியைப் பார்த்து ஒப்புதல் தந்திருந்தார்கள். அறிஞர்களே இரண்டுபட்ட விடயத்தை மார்க்கம் ஒரே குரலில் தடுத்ததாகச் சொல்வது மிகை.

நடிகரின் முகம் மனதில் பதிந்துவிடும், சரித்திரம் திரியும் என்ற ஆட்சேபம் வலுவானது. அதை நான் தள்ளவில்லை. ஆனால் படைப்போரும் சரித்திரத்தை அப்படியே சொன்னதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், எவருடைய பணத்தில் எவருடைய பார்வை படமாகிறது என்பது. சவூதியின் எம்பிசி நிறுவனத்தின் ‘முஆவியா’ தொடரை 2025இல் தன் நாட்டு அலைவரிசைகளில் காட்டக்கூடாதென்று ஈராக் உத்தரவிட்டது. அங்கே சண்டை முகத்தைப் பற்றியதன்று, முதல் உமையா கலீபாவைப் பற்றிய தீர்ப்பைப் பற்றியது.