ஜவ்வரிசியும் அதன் துணைகளும்

மாலை வேளையில் சேலம், ராசிபுரம் கடைவீதிகளில் தட்டுவடை செட்டுக்காகச் சிறு கூட்டம் நிற்பதைக் காணலாம். இரண்டு தட்டுவடைகளுக்கு இடையே துருவிய காரட், பீட்ரூட், வெங்காயம். அவற்றோடு காரச் சட்டினியும் புதினாச் சட்டினியும். மேலைநாட்டார் ரொட்டியைப் பிளந்து, இறைச்சிக் குழலை வைத்து, கடுகுச் சாந்தும் தக்காளிச் சாஸும் பூசி ‘ஹாட் டாக்’ என்று உண்கின்றனர். அதுவும் இன்று நம் நகரங்களுக்கு வந்துவிட்டது. இரண்டிலும் மாவுப் பண்டம் ஒன்று. அதற்குத் துணையாய் வருபவை சில. உண்பவரின் உடல்நலத்தைத் தீர்மானிப்பதில் அத்துணைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இவ்வுண்மையை ராசிபுரம் வட்டாரத்தின் ஜவ்வரிசி வரலாறு நமக்கு நன்றாகவே கற்பிக்கிறது.

பழைய ஜவ்வரிசி மலேயாப் பகுதியின் சேகோப் பனையிலிருந்து எடுக்கப்பட்டது. நம்முடையதோ மரவள்ளிக் கிழங்கின் மாவு. தென் அமெரிக்காவில் பிறந்த இக்கிழங்கைப் போர்த்துக்கீசியர் நம் மேற்குக் கரைக்குக் கொணர்ந்தனர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதன் சாகுபடியை ஊக்குவித்தார். ஏழைகள் அதை வேகவைத்து நீரை வடித்து, மீன் குழம்போடு உண்டனர். அவ்வழக்கத்தில் ஓர் அறிவு மறைந்திருந்தது. கிழங்கில் சயனைடு நஞ்சைத் தோற்றுவிக்கும் பொருள் உண்டு. வேகவைத்து நீரை வடித்தால் அது குறையும். எஞ்சியதை உடல் வெளியேற்றுவதற்குத் தேவையான கந்தகம் மீனின் புரதத்தில் கிடைக்கும்.

இரண்டாம் உலகப் போர் சேலத்தின் தொழிலை மாற்றியது. 1942இல் மலேயாவும் பர்மாவும் ஜப்பானியர் வசமாயின. அங்கிருந்து வந்த பண்டங்கள் நின்றன. அமெரிக்க மக்காச்சோள மாவும் அரிதாயிற்று. மீன் வாணிகத்திற்காகக் கேரளம் சென்றுவந்த சேலத்து மாணிக்கம் செட்டியார், அங்கே மரவள்ளி மாவைக் கண்டார். பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா ஜவ்வரிசி செய்யும் முறையை அறிந்திருந்தார். இவ்விருவரின் முயற்சியால் 1943இல் சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் தோன்றியது. கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, தெளிய வைத்து, அடியில் தங்கிய மாவைக் குலுக்கி மணிகளாக்கி, வறுத்து உலர்த்தினார்கள்.

அடுத்த ஆண்டே ஒரு சோதனை வந்தது. 1944இல் உணவுப் பஞ்சம் நிலவியபோது, மரவள்ளி மக்களின் உணவு என்று கருதிய சேலம் ஆட்சியர், அதை ஆலைகளுக்குப் பயன்படுத்துவதற்கும் மாவட்டத்திற்கு வெளியே அனுப்புவதற்கும் தடை விதித்தார். உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடி முறையிட்டுத் தடையை நீக்கச் செய்தனர். பசித்தவனுக்குக் கிழங்கு, தொழிலாளிக்குக் கூலி: இரு பக்கமும் நியாயம் இருந்தது. தொழில் பிழைத்தது. 1981இல் சேலத்தில் ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அரைத்து, வடித்து, தெளியவைக்கும்போது நஞ்சு பெரிதும் நீங்குகிறது. கிழங்கிலிருந்த மற்றச் சத்துக்களும் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. நூறு கிராம் ஜவ்வரிசி ஏறத்தாழ 350 கலோரி ஆற்றல் தரும். புரதமோ ஒரு கிராம்கூடத் தேறாது. காய்ச்சல் கண்டவருக்கு இரண்டொரு நாள் அதன் கஞ்சி இதமானதே. பால் மறந்த குழந்தைக்கு அதுவே உணவாகிவிட்டால் கேடு தொடங்குகிறது. ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், மக்காச்சோளக் கஞ்சியை மட்டுமே உண்டு உடல் வீங்கிய குழந்தைகளைப் பற்றி 1933இல் எழுதினார். அந்நோய்க்கு அவ்வூர் மக்கள் இட்டிருந்த ‘குவாஷியோர்கர்’ என்ற பெயரையே 1935இல் மருத்துவ உலகிற்கு அறிவித்தார். வயிறு நிறைந்தும் உடல் பட்டினி கிடக்கக்கூடும் என்பதே அவர் கண்ட கசப்பான உண்மை.

துணையே கேடாவதும் உண்டு. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று உள்ளதென 2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. நாள்தோறும் 50 கிராம் உண்டால், பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ 18 சதவீதம் கூடுமெனக் கணக்கிட்டது. ஓர் இறைச்சிக் குழலின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். அதன்மேல் பூசும் சாஸ் அக்கேட்டைப் போக்காது. தன் பங்கிற்கு உப்பையும் சர்க்கரையையும் சேர்க்கும். என்றோ ஒருநாள் உண்பவர் அஞ்ச வேண்டியதில்லை. அன்றாடப் பழக்கமே ஆபத்து. அயலாரைக் குறைகூறும் நாம், உப்பிட்டு எண்ணெயில் பொரித்த நம் ஜவ்வரிசி வடாமையும் தட்டுவடையையும் அதே தராசில் நிறுத்திப் பார்க்க வேண்டும். சட்டினியில் சேரும் நீர் தூயதா என்றும் கேட்க வேண்டும்.

நற்றுணைகளுக்கு நம் மண்ணில் குறைவில்லை. 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் பின்னர் முட்டையும் சேர்ந்தது. அம்முட்டைக்குப் பேர்போனது, 1997 முதல் ராசிபுரத்தைத் தன்னுள் கொண்ட நாமக்கல் மாவட்டமே. ஜவ்வரிசி விளையும் அதே நாட்டில் முட்டையும் பாலும் நிலக்கடலையும் கிடைக்கின்றன. அவை ஒரே கிண்ணத்தில் சேர்கின்றனவா என்பதுதான் கேள்வி. அடுத்த முறை ஒரு குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் தாய், அதில் ஒரு குவளைப் பாலைச் சேர்த்து, பக்கத்தில் ஒரு வெந்த முட்டையையும் வைப்பாராயின், சிசிலி வில்லியம்ஸ் கற்பித்த பாடம் நம் அடுக்களையில் பயன் தந்ததாகும்.