விமானப் பயணப்பெட்டிக் கண்காணிப்பு: காகித டேக்கிலிருந்து மின்னணு டேக் வரை

விமானத்தின் சரக்கறையில் ஏற்றப்படும் பயணப்பெட்டி எந்த நேரத்தில் எங்கே இருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைப் பதிவுசெய்து பின்தொடரும் முறை பயணப்பெட்டிக் கண்காணிப்பு எனப்படும். இன்று ஒரே பெட்டியில் இரண்டு மின்னணுச் சாதனங்கள் இருக்கக்கூடும். செக்-இன் கவுண்டரில் கைப்பிடியைச் சுற்றி ஒட்டப்படும் டேக்குக்குள் இருக்கும் ஆர்எஃப்ஐடி சில்லு ஒன்று. அது விமான நிறுவனத்துக்காக வேலை செய்கிறது. ஏர்டேக் போன்ற சிறு வில்லை மற்றொன்று. அதைப் பயணி தானே வாங்கித் துணிமணிகளுக்கு நடுவே வைத்துவிடுகிறார். முதல் வகைக்கும் அதன் முன்னோடிகளுக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. இரண்டாவது வகை பரவலாகிப் பத்தாண்டுகூட ஆகவில்லை. பெட்டியைப் பற்றிய செய்தி அத்தனை காலமும் நிறுவனத்திடமே தங்கிக் கிடந்தது என்பதும், பெட்டிக்கு உரியவர் பெல்ட் முன்னால் கால்கடுக்க நின்றதும் இந்தக் கால இடைவெளியின் விளைவுகள்.

காகித டேக்

இந்த முறை விமானத்துக்கு முன்பே ரயிலில் தொடங்கிவிட்டது. கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் உள்ள மாங்க்டனைச் சேர்ந்த ஜான் மைக்கேல் லயன்ஸ், கிழித்துப் பிரிக்கக்கூடிய இரு பகுதிச் சீட்டுக்கு 1882 ஜூன் 5 அன்று காப்புரிமை பெற்றார். புறப்படும் நிலையம், சேரும் நிலையம், வரிசை எண் ஆகியவை இரு பகுதியிலும் இருக்கும். ஒரு பகுதி பெட்டியோடு போகும், மறு பகுதி பயணியிடம் இருக்கும். செக்-இன் முடிந்ததும் போர்டிங் பாஸின் பின்புறம் ஒட்டித் தரப்படும் சிறு துண்டு அந்த ஏற்பாட்டின் நேர் வாரிசு.

1929ஆம் ஆண்டின் வார்சா உடன்படிக்கை இந்தச் சீட்டுக்குச் சட்ட மதிப்பைக் கொடுத்தது. பெட்டி தொலைந்தால் நிறுவனம் தரவேண்டிய இழப்பீட்டை எடைக் கணக்கில், கிலோவுக்கு 250 பிராங்க் என்று அது வரையறுத்தது. உள்ளே பட்டுப்புடவை இருந்ததா, பழந்துணி இருந்ததா என்பதைப் பற்றி அந்தக் கணக்குக்குக் கவலையில்லை. சீட்டு என்பது பெட்டியை ஒப்படைத்ததற்கான சான்று மட்டுமே. பெட்டி இப்போது எங்கே என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது. தொழிலாளர்கள் டேக்கில் அச்சிட்ட மூன்றெழுத்து நகரக் குறியைக் கண்ணால் பார்த்து, பெட்டியைத் தூக்கி உரிய வண்டியில் போட்டார்கள். அவசரத்தில் ஓர் எழுத்தை மாற்றிப் படித்தால் பெட்டி வேறு கண்டத்துக்குப் போய்விடும்.

இந்த ஏற்பாட்டின் மேல் பயணிகளுக்கு முழு நம்பிக்கை இருந்ததில்லை. வளைகுடா நாடுகளில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களின் அட்டைப்பெட்டிகளை இன்றும் திருச்சியிலோ சென்னையிலோ பார்க்கலாம். நைலான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, எல்லாப் பக்கமும் மார்க்கர் பேனாவால் பெயர், ஊர், தொலைபேசி எண் எழுதியிருப்பார்கள். டேக் அறுந்து போனாலும் பெட்டி அனாதையாகக் கூடாது என்ற கவலைதான் காரணம். விமான நிறுவனங்களே பெட்டியின் மேல் பெயர் எழுதச் சொல்வதால், இதைப் பட்டிக்காட்டுப் பழக்கம் என்று ஒதுக்குவது தவறு.

பத்து இலக்கமும் பார்கோடும்

நார்மன் ஜோசப் உட்லண்ட், பெர்னார்ட் சில்வர் ஆகிய இருவரும் பார்கோடுக்கு 1952இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். கடைகளில் அது 1974இல்தான் புழக்கத்துக்கு வந்தது; விமான நிலையங்களுக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா தன் 740ஆம் தீர்மானத்தின் மூலம் டேக்கின் வடிவத்தை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக்கியது.

அந்த டேக்கில் பார்கோடை ஒட்டிப் பத்து இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். முதல் இலக்கம் டேக்கின் வகையைச் சொல்கிறது. சாதாரணப் பெட்டிக்கு 0. வழிதவறிப் பின்னால் தனியாக அனுப்பப்படும் பெட்டிக்கு 2. அடுத்த மூன்று இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும்: ஏர் இந்தியா என்றால் 098, எமிரேட்ஸ் 176, ஸ்ரீலங்கன் 603. மீதி ஆறும் வரிசை எண். பயணியின் பெயரோ அவர் போகும் ஊரோ இந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கவில்லை. செக்-இன் நேரத்தில் நிறுவனத்தின் கணினி, இந்த எண்ணுக்குரிய பெட்டி இன்ன விமானத்தில் போகவேண்டும் என்று விமான நிலையத்தின் பிரிப்பு இயந்திரத்துக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. கன்வேயரில் ஓடிவரும் பெட்டியின் பார்கோடை லேசர் படித்ததும், இயந்திரம் அந்தச் செய்தியைத் தேடியெடுத்துப் பெட்டியை உரிய சரிவுப்பாதையில் தள்ளிவிடுகிறது.

டேக்கை நேராகப் பார்க்காமல் லேசரால் படிக்க முடியாது. இந்த முறையின் பலவீனம் அங்கே இருந்தது. பெட்டியைச் சுற்றிப் பல கோணங்களில் லேசர்களை அமைத்தாலும், டேக் கசங்கியிருந்தால், மழையில் நனைந்திருந்தால், பெட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டால் எண் கிடைக்காது. அப்படிப்பட்ட பெட்டி தனிப்பாதையில் ஒதுக்கப்படும். அங்கே ஓர் ஊழியர் டேக்கைத் தேடிப்பிடித்துக் கையால் படித்து அனுப்பவேண்டும். அடுத்த விமானத்துக்கு ஒரு மணி நேரமே இருக்கும்போது அந்தச் சில நிமிடங்களில்தான் பெட்டி பின்தங்கும்.

1985க்குப் பிறகு

பெட்டியையும் பயணியையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் வழக்கம் ஒரு பெருங்கொடுமைக்குப் பிறகே வலுப்பெற்றது. 1985 ஜூனில் எம். சிங் என்ற பெயரில் பயணச்சீட்டு வைத்திருந்த ஒருவர் வான்கூவர் விமான நிலையத்துக்கு வந்தார். டொராண்டோவிலிருந்து மேலே செல்லும் ஏர் இந்தியா விமானத்தில் அவருக்கு இடம் உறுதியாகியிருக்கவில்லை. ஆனாலும் பெட்டியை அந்த விமானத்துக்கே டேக் போட்டு அனுப்பும்படி வற்புறுத்தினார். கவுண்டரில் இருந்தவர் முதலில் மறுத்து, பின்னர் இணங்கினார். பெட்டி போனது, அந்த ஆள் ஏறவில்லை. ஜூன் 23 அன்று, கனிஷ்கா என்று பெயரிட்ட ஏர் இந்தியா 182 விமானம் அயர்லாந்துக்கு அப்பால் அட்லாண்டிக் மேல் வெடித்துச் சிதறியது. அதில் இருந்த 329 பேரும் இறந்தார்கள். அதே நாளில், மற்றொரு ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்றப்படவிருந்த பெட்டி டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்தில் வெடித்து, பெட்டிகளைக் கையாளும் தொழிலாளர் இருவரைக் கொன்றது.

ஏறாத பயணியின் பெட்டியை இறக்கியே தீரவேண்டும் என்ற ஒரு விதி அன்று கண்டிப்பாக நடைமுறையில் இருந்திருந்தால் அந்த 329 பேரும் இந்தியா வந்து சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அவர்களில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளிக் கனடியக் குடிமக்கள். பல குழந்தைகளும் அதில் இருந்தார்கள். கண்காணிப்பு என்பதைப் பயணியின் வசதியாக மட்டும் பேசுகிறவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தன் பாதுகாப்பு விதிகளான 17ஆம் இணைப்பில் பயணி–பெட்டி ஒத்துப்பார்த்தலைச் சேர்த்தது. அப்படியும் 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பியின் மேல் பான் ஆம் 103 விமானம் தகர்க்கப்பட்டு 270 பேர் இறந்தனர். அந்தக் குண்டு உரியவர் இல்லாமல் பயணித்த ஒரு பெட்டியில் வந்தது என்று வழக்கை விசாரித்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

ஒத்துப்பார்க்கும் வேலை தொடக்கத்தில் கையால் நடந்தது. டேக்கிலிருந்து ஒரு ஸ்டிக்கரை உரித்து, கன்டெய்னருக்கு உரிய தாளில் வரிசையாக ஒட்டிவந்தார்கள். ஒரு பயணி வரவில்லை என்றால் அந்தத் தாள்களைப் புரட்டி, எந்தக் கன்டெய்னரில் பெட்டி இருக்கிறது என்று கண்டுபிடித்து இறக்கினார்கள். கையில் பிடிக்கும் பார்கோடு ஸ்கேனர் வந்த பிறகு இது கணினி வேலையாயிற்று. பெட்டியை ஏற்றும்போது ஸ்கேனரைக் காட்டினால், ஏற்றலாமா கூடாதா என்ற பதில் அப்போதே கிடைக்கும். பெட்டி இன்ன மணிக்கு இன்ன இடத்தில் இருந்தது என்ற தடம் முதல்முறையாகச் சேர ஆரம்பித்தது இப்படித்தான்.

வானொலி அலையால் படித்தல்

ஆர்எஃப்ஐடி டேக் வெளியிலிருந்து பார்க்கச் சாதாரணக் காகித டேக்தான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் காகித அடுக்குகளுக்கு இடையே மெல்லிய உலோக ஆன்டெனாவும், அதன் நடுவில் புள்ளி அளவுக்கு ஒரு சில்லும் தெரியும். மின்கலம் கிடையாது. படிப்பான் அனுப்பும் 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வானொலி அலையிலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த அலையைத் திருப்பி எதிரொளித்துத் தன் எண்ணைச் சொல்கிறது. எதிரொளித்த ஆற்றலால் செய்தி அனுப்பும் இந்த எண்ணத்தை ஹாரி ஸ்டாக்மன் 1948ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே விளக்கியிருந்தார். டேக் நேராகக் கண்ணில் படவேண்டிய தேவை இதில் இல்லை. பெட்டிக்கு அடியில் மடிந்திருந்தாலும் பெரும்பாலும் படித்துவிடலாம்.

அமெரிக்க விமான நிறுவனமான டெல்டா 2003இல் இதைச் சோதித்துப் பார்த்தது. 2000களின் நடுவில் ஹாங்காங், லாஸ் வேகாஸ் விமான நிலையங்கள் தங்கள் பிரிப்பு அமைப்பிலேயே இதைப் பொருத்தின. டேக்கின் அலைவரிசையை ஐயாட்டா 2005இல் பொதுவாக்கியது. ஆனாலும் முறை பரவவில்லை. ஒரு விமான நிலையம் மட்டும் படிப்பான் வைத்தால் பயன் குறைவு. எல்லா இடத்திலும் வைப்பதற்கான செலவு யாருடையது என்ற பேரம் முடியவில்லை. அந்த ஆண்டுகளில் பெட்டிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. விமானத் துறைக்கான தகவல் தொழில்நுட்ப நிறுவனமான சீட்டாவின் கணக்குப்படி 2007இல் 4.69 கோடிப் பெட்டிகள் தாமதமாயின, சேதமாயின அல்லது தொலைந்தன. ஆயிரம் பயணிக்கு 18.88.

தேக்கத்தை உடைத்தது டெல்டா. 2016இல் 5 கோடி டாலர் செலவில் உலகெங்கும் உள்ள தன் 344 நிலையங்களில் ஆர்எஃப்ஐடியை நிறுவுவதாக அறிவித்தது. விமானத்தின் வயிற்றுக்குள் பெட்டியை ஏற்றும் பெல்ட்டிலேயே படிப்பான் இருக்கும். சரியான விமானம் என்றால் பச்சை விளக்கு எரியும். தவறானது என்றால் சிவப்பு எரியும், தொழிலாளர் பெட்டியை எடுத்து வைத்துவிடுவார். இரைச்சலிலும் வெயிலிலும் ஓடியாடி வேலை செய்கிறவரை எண் பார்த்துச் சரிபார்க்கச் சொல்லாமல் விளக்கைப் பார்க்கச் சொன்னது நல்ல வடிவமைப்பு.

ஐயாட்டாவின் 753ஆம் தீர்மானம் 2018 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பயணியிடம் பெறும்போது, விமானத்தில் ஏற்றும்போது, இணைப்பு விமானத்துக்காக ஒப்படைக்கும்போது, பயணியிடம் திருப்பித் தரும்போது என நான்கு இடங்களில் பெட்டியைப் பதிவுசெய்ய அது உறுப்பு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. எந்தத் தொழில்நுட்பம் என்று அது சொல்லவில்லை. மறு ஆண்டு சியோலில் கூடிய பொதுக்கூட்டம் ஆர்எஃப்ஐடியை உலகெங்கும் கொண்டுவரும் தீர்மானத்தை ஆதரித்தது. இதிலும் ஓர் எல்லை உண்டு. நிறுவனத்துக்குத் தெரிவது பெட்டி கடைசியாகப் படிக்கப்பட்ட இடம் மட்டுமே. அதற்குப் பிறகு அது எங்கே உருண்டுபோனது என்பது பதிவில் இராது.

பயணியின் கையில்

அந்த இடைவெளியை வேறொரு பக்கத்திலிருந்து நிரப்பிய கருவி ஏர்டேக். ஆப்பிள் 2021 ஏப்ரலில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டைல் போன்ற வில்லைகள் முன்பே இருந்தன. சாம்சங்கும் அதே ஆண்டுத் தொடக்கத்தில் ஒன்றை வெளியிட்டிருந்தது. ஏர்டேக்கில் ஜிபிஎஸ் கிடையாது. அது புளூடூத் சைகை விட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்தில் போகிறவரின் ஐபோன் அதைப் பிடித்து, தன் இருப்பிடத்தைச் சேர்த்து, மறையாக்கி அனுப்பும். பெட்டி இறக்கும் தொழிலாளியின் சட்டைப்பையில் இருக்கும் போனே, அவருக்குத் தெரியாமல், பெட்டிக்கு உரியவருக்குச் சேதி சொல்லிவிடுகிறது. நடுக்கடலின் மேல் பறக்கும்போது புதிய இருப்பிடம் எதுவும் வராது.

2022 கோடையில் இதன் பயன் எல்லோருக்கும் தெரிந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் ஆட்களை வேலையைவிட்டு அனுப்பிய விமான நிலையங்களுக்குப் பயணிகள் திரண்டு வந்தபோது பெட்டிகளைத் தூக்க ஆளில்லை. லண்டன் ஹீத்ரோவில் பெட்டிகள் தரையெங்கும் குவிந்தன. டெல்டா ஜூலையில் பயணிகளே இல்லாமல் ஒரு பெரிய விமானத்தில் ஏறத்தாழ 1,000 பெட்டிகளை மட்டும் ஏற்றி டெட்ராய்ட்டுக்கு அனுப்பியது. பெட்டி எங்கே என்று தெரியவில்லை என்று கவுண்டரில் சொல்லும்போது, பயணி தன் போனில் அந்தப் பெட்டி நிற்கும் கட்டடத்தையே காட்டினார். அந்த ஆண்டு அக்டோபரில் லுஃப்தான்சா, இயங்கும் ஏர்டேக்கை ஆபத்தான பொருள் விதிகளின்படி அனுமதிக்க முடியாது என்றது. 0.3 கிராமுக்கு உட்பட்ட லித்தியம் கொண்ட கருவிகளுக்குத் தடையில்லை. ஏர்டேக்கின் பொத்தான் மின்கலத்தில் இருப்பது சுமார் 0.1 கிராம். ஜெர்மானிய விமானப் போக்குவரத்து ஆணையமும் ஆபத்தில்லை என்று சொன்னதால் சில நாட்களில் அந்த நிலைப்பாடு கைவிடப்பட்டது.

2024 நவம்பரில் இரண்டு தடங்களும் ஒன்றுசேர்ந்தன. பெட்டியின் இருப்பிடத்தை ஓர் இணைப்பாக விமான நிறுவனத்துக்கு அனுப்பும் வசதியை ஆப்பிள் அறிவித்தது. பல நிறுவனங்கள் தொலைந்த பெட்டிகளைத் தேடப் பயன்படுத்தும் சீட்டாவின் வேர்ல்ட்டிரேசரோடும் அது இணைக்கப்பட்டது. பெட்டி உரியவரிடம் சேர்ந்ததும், அல்லது ஏழு நாள் கழிந்ததும், பகிர்வு தானாக நின்றுவிடும். யாரோ ஒருவர் பின்தொடரக்கூடும் என்ற அச்சத்துக்கு இந்த வரம்பு தேவையானது.

தவறிய பெட்டிகளின் விகிதம் 2024இல் ஆயிரத்துக்கு 6.3 ஆகக் குறைந்தது. பயணிகள் பெருகியதால் எண்ணிக்கை 3.34 கோடியாகவே இருந்தது. பெரும்பங்கு இன்னமும் இணைப்பு விமானத்துக்கு மாற்றும் இடத்தில் நேர்கிறது. அங்கே இருப்பிடம் தெரிந்தாலும் பெட்டியைத் தூக்கிவைக்க ஆளும் நேரமும் வேண்டும்.

இழப்பீட்டை இன்று ஆள்வது 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை. இந்தியா 2009இல் அதில் சேர்ந்தது. எடைக் கணக்கு போய், ஒரு பயணிக்கு இவ்வளவு என்ற உச்சவரம்பு வந்தது. 2024 டிசம்பர் 28 முதல் அது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகில் 1,519 எஸ்டிஆர். வரவேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் பெட்டி வராவிட்டால் பயணி தொலைந்த பெட்டிக்குரிய உரிமையைக் கோரலாம். பெட்டியின் இருப்பிடம் தெரியுமா தெரியாதா என்று உடன்படிக்கை கேட்பதில்லை. ஆகவே வேறொரு நாட்டுக் கிடங்கிலிருந்து நாள்தோறும் போனுக்குச் சைகை அனுப்பிக்கொண்டிருக்கும் பெட்டிக்கும் 22ஆம் நாள் இழப்பீடு கேட்கப் பயணிக்கு உரிமை உண்டு.