ஐ-மோட்

ஐ-மோட் என்பது யப்பானின் என்டிடி டொகோமோ நிறுவனம் 1999 பெப்ரவரி 22 அன்று தொடங்கிய நகர்பேசி இணையச் சேவை ஆகும். கணினி இல்லாதவர்களும் கைப்பேசியிலிருந்தே வங்கிக் கணக்கு, தொடருந்து நேரம், வானிலை, மின்னஞ்சல் ஆகியவற்றைப் பயன்படுத்த இது வழிசெய்தது. 2000 ஆகத்து மாதத்தில் பயனர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது. கெயிச்சி எனோக்கி, மாரி மட்சுநாகா, தக்கேசி நட்சுனோ ஆகியோர் இதன் உருவாக்கத்தில் முதன்மையானவர்கள். இவர்களுள் மட்சுநாகா பொறியியலாளர் அல்லர், இதழாசிரியராக இருந்தவர்.

பக்க வடிவமைப்பு

ஐ-மோட் பக்கங்கள் குறுக்க மீயுரைக் குறியிடு மொழியில் (சி-எச்.டி.எம்.எல்.) எழுதப்பட்டன. 1998 பெப்ரவரியில் உலகளாவிய வலைச் சேர்த்தியத்திடம் குறிப்பாக அளிக்கப்பட்ட இம்மொழி, வழக்கமான எச்.டி.எம்.எல். மொழியின் ஒரு பகுதியே ஆகும். அட்டவணை, சட்டகம், நடைதாள், பின்னணிப் படம், ஜேபெக் படிமம் ஆகியவை இதில் விலக்கப்பட்டன. முன் நகர்த்தல், பின் நகர்த்தல், தேர்தல், திரும்புதல் ஆகிய நான்கு பொத்தான்களால் முழுப் பக்கத்தையும் இயக்க முடியவேண்டும் என்பது இதன் அடிப்படை விதி. இணைப்புகளுக்கு எண் விசைகளை ஒதுக்கும் வசதியும் இருந்தது. பயனர் 3 என்ற விசையை அழுத்தினால் மூன்றாம் இணைப்பு திறக்கும்.

வடிவமைப்பாளரை உண்மையில் கட்டுப்படுத்தியது திரையின் அளவு மட்டுமன்று, கட்டணமுமே. தொடக்கத்தில் தரவு வேகம் நொடிக்கு 9,600 பிட்டுகள். இணைந்திருக்கும் நேரத்துக்கன்றி, 128 பைட்டுப் பொதி ஒன்றுக்கு 0.3 யென் வீதம் கட்டணம் பெறப்பட்டது. இதன்படி 2 கிலோபைட்டுப் பக்கம் 16 பொதிகளாகி 4.8 யென் செலவு வைக்கும். 5 கிலோபைட்டுப் பக்கத்துக்கு 12 யென் ஆகும். தேவையற்ற படம் ஒன்றைச் சேர்ப்பது வாசகரின் பணத்தை எடுப்பதற்கு ஒப்பாகும். எனவே இடத்தை மிச்சப்படுத்த அரை அகலக் கத்தக்கானா எழுத்துகள் பெரிதும் பயன்படுத்தப்பட்டன.

சிகெத்தக்கா குரித்தா வடிவமைத்த 176 எமோச்சிகளும் இச்சேவைக்காக உருவானவையே. ஒவ்வொன்றும் 12×12 படவணுக்கள் கொண்டது. படக்கோப்பாக அன்றி எழுத்தாகவே குறியிடப்பட்டதால், வானிலைப் பக்கத்தில் சூரியனைக் காட்ட இரண்டு பைட்டுகளே போதுமானவையாக இருந்தன. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2016 இல் இவற்றைத் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது.

வாப் உடன் ஒப்பீடு

அதே காலத்தில் ஐரோப்பாவில் பரவிய வாப் நெறிமுறை, டபிள்யூ.எம்.எல். என்னும் தனி மொழியைக் கோரியது. எச்.டி.எம்.எல். அறிந்தவர் அதைப் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது. ஐ-மோட் பக்கத்தையோ சில மணி நேரத்தில் எழுதிவிடலாம். தொடக்கக்கால வாப் இணைப்புகள் பெரும்பாலும் தொலைபேசி அழைப்பைப் போல நிமிடக் கணக்கில் கட்டணம் பெற்றதும் பயனரைத் தயங்கச் செய்தது. எனினும் ஐ-மோட்டின் வெற்றிக்கு மொழியின் எளிமை மட்டும் காரணமன்று. அங்கீகரிக்கப்பட்ட தளங்களின் சந்தாவைத் தொலைபேசிக் கட்டணச் சீட்டிலேயே வசூலித்து, 9 விழுக்காட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தள உரிமையாளருக்கு டொகோமோ அளித்தது. சிறு நிறுவனங்களும் தளம் அமைக்க முன்வந்தமைக்கு இதுவே காரணம்.

பிற்காலம்

2002 இல் செருமனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளிலும் ஐ-மோட் அறிமுகமானது. ஆயினும் யப்பானில் பெற்ற வரவேற்பு அங்குக் கிட்டவில்லை. முழு வலைப்பக்கங்களையும் காட்டவல்ல திறன்பேசிகள் பரவியபின் யப்பானிலும் பயன்பாடு குறைந்தது. புதிய இணைப்புகள் 2019 செப்டம்பர் 30 உடன் நிறுத்தப்பட்டன. 2026 மார்ச் 31 உடன் சேவையை முடித்துக்கொள்வதாக 2019 அக்டோபரில் டொகோமோ அறிவித்தது.