நகையை விற்றுக் கட்டிய அணை

கம்பம் பள்ளத்தாக்கில் பொங்கல் ஒரு சாமிக்கு மட்டும் பொங்குவதில்லை. ஜனவரி 15 அன்று பாலார்பட்டியிலும் சுருளிப்பட்டியிலும் பானை வைத்து, தேவராட்டம் ஆடி, ஒரு வெள்ளைக்காரர் படத்துக்கு மாலை போட்டுக் கும்பிடுவார்கள். படத்தில் இருப்பவர் கர்னல் ஜான் பென்னிகுயிக். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர். அவர் 1841 ஜனவரி 15-இல் புனேயில் பிறந்தார் என்பதும், எங்கள் ஊர் அறுவடைத் திருநாள் அதையொட்டியே வருவதும் தற்செயல்தான். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களிடம் தற்செயல் என்று சொல்லிப் பாருங்கள்.

தேனி புதிய பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம். டீக்கடையில் முருகனுக்கும் அம்மனுக்கும் பக்கத்தில் மீசை வைத்த அவர் படம். பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்றும், அவரோடு வேலை பார்த்த லோகன் என்கிற பொறியாளர் நினைவாக லோகன்துரை என்றும் பெயர் வைத்த வீடுகள் உண்டு. பள்ளிக்கூடத்தில் 'லோகன்துரை' என்று வாத்தியார் கூப்பிடும்போது அது ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பெயர் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. சுத்தத் தமிழ்ப் பெயர் என்றே நினைத்திருந்தோம்.

அவரைப் பற்றிய கதை எல்லோருக்கும் தெரியும். பாதி கட்டிய அணையை வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது. இனி காசு கிடையாது என்று வெள்ளைக்கார அரசாங்கம் கைவிரிக்கிறது. தொரை கப்பலேறி லண்டனுக்குப் போகிறார். வீட்டை விற்கிறார், நிலத்தை விற்கிறார், பொண்டாட்டி நகையை விற்கிறார். சொல்கிறவரின் உற்சாகத்தைப் பொறுத்து கட்டிலும் தொட்டிலும் சேர்ந்துகொள்ளும். அந்தக் காசோடு திரும்பி வந்து அணையைக் கட்டி முடிக்கிறார். 2014 டிசம்பரில் 'லிங்கா' வந்தபோது கம்பம் தியேட்டரில் யாருக்கும் கதையில் சந்தேகம் வரவில்லை. சொத்தையெல்லாம் விற்று அணை கட்டும் ராஜாவாக ரஜினி வந்ததும், "நம்ம தொரை கதைடா" என்று பின்வரிசையில் இருந்து குரல் வந்தது.

இந்தக் கதைக்கு ஆவணம் உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை. அணை வேலையில் இருந்த பொறியாளர் ஏ.டி. மெக்கன்ஸி 1899-இல் பெரியாறு திட்டத்தின் வரலாற்றை ஒரு முழுப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளைத் திரும்பத் திரும்ப அடித்துப் போனது, காய்ச்சல், ஆள் கிடைக்காத திண்டாட்டம் எல்லாம் அதில் உண்டு. சொத்து விற்ற கதை இல்லை. கொஞ்சம் யோசித்தாலும் கணக்கு உதைக்கும். திட்டத்துக்கு ஆன செலவு 80 லட்சம் ரூபாய்க்கு மேல். சென்னை மாகாணப் பொதுப்பணித்துறை தன் வரவு செலவில் வருடா வருடம் ஒதுக்கிச் செய்த வேலை. அதை ஒரு கர்னலின் வீட்டையும் மனைவியின் நகையையும் விற்று நிரப்ப முடியாது.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் என் பிரச்சினையாக இருந்தது.

அக்கா குடும்பம் லண்டனில் இருக்கிறது. மாமாவுக்குச் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில்தான். அதனால் குளிருக்குப் பயந்துகொண்டே ஒரு டிசம்பரில் அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம். லண்டன் என்றதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "அய்யாவப் பொதைச்ச ஊரு அங்கிட்டு இருந்து எம்புட்டு தூரம்?" என்பதுதான். அரண்மனை, லண்டன் ஐ, மியூசியம் எதுவும் அவர் பட்டியலில் இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று லண்டனில் ரயிலும் ஓடாது, பஸ்ஸும் ஓடாது. நம் ஊரில் பந்த் அன்றைக்குக்கூட ஒரு டீக்கடை பின்வாசலைத் திறந்து வைத்திருக்கும். அங்கே தெருவே துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்குள் இருட்டிவிட்டது. அம்மா இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, "இந்தக் குளிர்ல இருந்து தப்பிக்கத்தேன் நம்ம ஊருக்கு வந்திருக்காய்ங்க போல" என்றாள். காலனிய வரலாற்றை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ரயில் ஓட ஆரம்பித்ததும் முதலில் வெஸ்ட்மின்ஸ்டர் போனோம். கிங் சார்ல்ஸ் தெருவில், இன்று வெளியுறவு அலுவலகத்தோடு சேர்ந்திருக்கும் பெரிய கட்டடத்தில்தான் அந்தக் காலத்தில் இந்தியா ஆபீஸ் இருந்தது. இந்தியாவுக்கான செயலர் இருந்த இடம். நான் அப்பாவிடம் 1886 ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த ஆண்டு அக்டோபர் 29 அன்று கையெழுத்தானது. திருவிதாங்கூர் மகாராஜா சார்பில் திவான் ராமய்யங்காரும், மறுபக்கம் ரெசிடென்ட் ஹானிங்டனும் கையெழுத்துப் போட்டார்கள். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய், ஆக 40,000 ரூபாய் குத்தகை, 999 வருடத்துக்கு. குத்தகைதாரர் என்று பத்திரத்தில் இருப்பது இந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்த செயலர். அப்பா கட்டடத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப இதுதேன் நம்ம தண்ணி ஆபீஸா?" என்றார். ஆமாம் என்று சொல்வதைத் தவிர வேறு பதில் எனக்குத் தோன்றவில்லை.

அங்கிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில் கிரேட் ஜார்ஜ் தெரு. சிவில் பொறியாளர்களின் சங்கம் அன்றும் இன்றும் இருக்கும் தெரு. 1897-இல் பென்னிகுயிக் பெரியாற்றைத் திருப்பிய விவரத்தை அந்தச் சங்கத்துக்குக் கட்டுரையாகக் கொடுத்தார். மேற்கே ஓடி அரபிக்கடலில் விழும் ஆற்றை மலைக்கு உள்ளே தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே இறக்கி, வைகையில் சேர்த்தது அவர்களுக்கு ஒரு பெரிய பொறியியல் காரியம். மதுரைப் பக்கத்துக்கு அது வேறு விஷயம்.

அந்த யோசனை லண்டனில் பிறந்ததில்லை. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பி மலையைப் பார்த்துவரச் செய்தார். செய்யலாம்தான், ஆனால் காசில்லை என்று நின்றது. 1808-இல் கம்பெனியின் கேப்டன் கால்டுவெல் போய்ப் பார்த்துவிட்டு, இது வெறும் கனவு, இனி இதைப் பொருட்படுத்தவே வேண்டாம் என்று எழுதிவிட்டார். 1850-இல் சின்னதாக ஒரு அணையை ஆரம்பித்து, காய்ச்சலிலும் கூலித் தகராறிலும் கைவிட்டார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சம்தான் கோப்பைத் தூசி தட்டவைத்தது. பஞ்சத்தில் ஜனம் செத்தால் வரியும் சேர்ந்து சாகும் என்பது நிர்வாகத்துக்குப் புரிந்திருந்தது. 1882-இல் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. 1887-இல் வேலை தொடங்கி, 1895 அக்டோபர் 10 அன்று கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார். இவ்வளவு செலவு செய்தால் எத்தனை ஏக்கர் பாயும், எவ்வளவு தண்ணீர்த் தீர்வை வரும் என்ற கணக்கு தொடக்கம் முதல் கோப்பில் இருந்தது. கருணை இல்லை என்று நான் சொல்லவில்லை. கருணை கையெழுத்துப் போட்டிருக்காது என்கிறேன்.

இன்னொரு விஷயத்தை எங்கள் ஊரில் யாரும் பேசுவதில்லை. இந்தத் தண்ணீர் முதலில் கம்பம் பள்ளத்தாக்குக்காகத் திட்டமிடப்பட்டதே இல்லை. பெரியாறு பிரதான கால்வாய் தொடங்குவது வைகையின் பேரணையில். அது பாய்வது மதுரை, மேலூர்ப் பக்கம். கம்பம் தண்ணீர் போகிற வழி. இங்கே சுருளியாற்றில் ஏற்கெனவே பழைய தடுப்பணைகளும் வாய்க்கால்களும் இருந்தன. வழியில் நின்றவர்களுக்கு வருடம் முழுக்க ஆறு ஓடியது. இன்று 14,707 ஏக்கர் இருபோக நெல் என்று எங்கள் ஊர்க்காரர்கள் வாய்ப்பாடு மாதிரிச் சொல்வது அந்த ஓட்டத்தால் வந்தது. ஆனால் மேலூரை விடக் கம்பத்தில்தான் தொரைக்குப் பொங்கல் அதிகம். ஆற்றைத் தினமும் கண்ணால் பார்க்கிறவர்கள் நாங்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

மறுநாள் வாட்டர்லூ ஸ்டேஷனில் ஏறி, வழியில் ஒரு வண்டி மாறி, சர்ரேயில் இருக்கும் ஃப்ரிம்லிக்குப் போனோம். பக்கத்து ஊரான கேம்பர்லியில்தான் பென்னிகுயிக் ஓய்வுக்காலத்தைக் கழித்தார். 1911 மார்ச் 9 அன்று இறந்தார். ஃப்ரிம்லி செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். பல வருடம் யாரும் தேடி வராத கல்லறை. பிறகு உத்தமபாளையத்துக்காரர் ஒருவர் தேடிக் கண்டுபிடித்துப் பராமரிக்க ஏற்பாடு செய்தார். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கேம்பர்லியில் அவருக்குச் சிலையும் வைத்தது.

ஈரப்புல், இலை உதிர்ந்த மரங்கள், ஆள் அரவமே இல்லை. அப்பா பாக்கெட்டில் இருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். ஊர் வயக்காட்டு மண். ஏர்போர்ட்டில் எப்படித் தப்பியதோ. ஒரு சிட்டிகை கல்லறை ஓரத்தில் தூவினார். செருப்பைக் கழற்றப் போனவரை அக்கா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

திரும்பும் ரயிலில்தான் சொன்னேன். மெக்கன்ஸி புத்தகம், 80 லட்சம், பொதுப்பணித்துறைக் கணக்கு எல்லாம். அப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "காயிதத்துல எல்லாத்தையுமா எழுதுவாக?" என்றார். "உங்க அப்பத்தா சங்கிலிய வித்துத்தேன் கெணத்த ஆழப்படுத்துனோம். அது எந்தக் காயிதத்துல இருக்கு?"

நான் அந்தக் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்பத்தா சங்கிலி மட்டுமில்லை, அம்மாவின் வளையலும் போர் போட்டதில் போயிற்று. முதல் போரில் தண்ணீர் வரவில்லை. எங்கள் தெருவில் இப்படி ஒரு நகைக் கதை இல்லாத விவசாய வீடு குறைவு. தண்ணீருக்காகக் குடும்பத் தலைவன் செய்கிற உச்சபட்சக் காரியம் எது? மனைவியின் கழுத்தில் கைவைப்பது. அதற்கு மேல் ஒன்று இந்தப் பள்ளத்தாக்குக்குத் தெரியாது. ஆகவே ஆறு முழுக்கத் தண்ணீர் கொண்டுவந்தவன் அதைச் செய்திருக்கத்தான் வேண்டும். லண்டன் கோப்பில் ஆள் கிடையாது, குத்தகைத் தொகையும் தீர்வைக் கணக்கும்தான். ஜனங்கள் அந்தக் கோப்பை ஒரு சம்சாரியின் கதையாக மாற்றி எழுதிக்கொண்டார்கள். 1879-இல் பென்னிகுயிக் மணந்த கிரேஸ் சாமியர் எந்த நகையையும் கழற்றிக் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லை. கழற்றிக் கொடுத்தது எங்கள் அப்பத்தாக்கள்.

"வெள்ளைக்காரனைக் கும்பிடும் அடிமைப் புத்தி" என்று இணையத்தில் ஒவ்வொரு ஜனவரியும் ஒருவர் எழுதுவார். எனக்கு அது அவசரத் தீர்ப்பாகப் படுகிறது. 2011 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். அணையின் பலம் பற்றிய சண்டை முற்றி, எங்கள் பள்ளத்தாக்கு ஜனம் ஆயிரக்கணக்கில் குமுளி எல்லையை நோக்கி நடந்தது. அந்த ஊர்வலங்களிலும் பென்னிகுயிக் படத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு வருடத்துக்குச் சற்று மேல் கழித்து, 2013 ஜனவரி 15 அன்று லோயர் கேம்ப் மணிமண்டபம் திறக்கப்பட்டது. தண்ணீருக்கு உரிமை கேட்கிறவர்களுக்கு, அதைத் தந்தவர் பத்திரத்தோடு சேர்த்துத் தன் சொத்தையும் வைத்தார் என்ற கதை ஒரு பலம். ஆதாரமில்லாத கதை அரசியலில் எங்கே வேண்டுமானாலும் போகும் என்பதும் உண்மை. மதுரையில் கலைஞர் நூலகத்துக்கு இடம் பார்த்தபோது, அங்கிருந்த கட்டடம் பென்னிகுயிக் வாழ்ந்த வீடு என்று 2021-இல் ஒரு சர்ச்சை கிளம்பியது. அவர் இறந்த பிறகு கட்டப்பட்ட கட்டடம் அது என்று அரசு பதில் சொல்லவேண்டி வந்தது.

அந்தக் கதையோடு எனக்குள்ள சண்டை வேறு. அது இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்கிறது. அணையைக் கட்டிய மற்றவர்கள் நிற்க அதில் இடமில்லை. குருவனூத்தில் சுண்ணாம்புக் கல் வெட்டியவர்கள், அதை மலை ஏற்றியவர்கள், சுரங்கத்தில் வெடி வைத்தவர்கள், மதராஸ் பயோனியர் படையின் சிப்பாய்கள், கொச்சியில் இருந்து வந்த தச்சர்கள், கம்பம் பக்கத்தில் இருந்து கூலிக்குப் போன ஆணும் பெண்ணும். குளிரிலும் மழையிலும் மலேரியாவிலும் அவர்களை நிறுத்திவைத்தது எது என்று மெக்கன்ஸியே சொல்கிறார்: சாராயம். அதன் மருத்துவ குணம் இல்லாவிட்டால் அணை முடிந்தே இருக்காது என்கிற அளவுக்குப் போகிறார். நோயில் இறந்தவர்கள் மட்டும் 483 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் எண். அவர்களை அணைக்குச் சற்று வடக்கே காட்டிலேயே புதைத்தார்கள்.

ஃப்ரிம்லிக்கு யார் வேண்டுமானாலும் வாட்டர்லூவில் டிக்கெட் எடுத்துப் போய்வரலாம். அந்தக் காட்டுக் கல்லறை இருப்பது கேரள வனத்துறையின் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். கம்பத்தில் இருந்து குமுளி, குமுளியில் இருந்து தேக்கடி, அங்கிருந்து ஏரியில் படகு. அணைப் பக்கம் போக அனுமதி வேண்டும். அதிகாரிகளும் ஆய்வுக்குழுவும் போய்வருகிறார்கள். வீட்டில் இருந்து பார்த்தால் தெரிகிற அந்த மலைக்கு அப்பா இதுவரை போனதில்லை.