‘நியாயமான தொகை’ எப்போது 25 விழுக்காடு ஆனது? அமெரிக்கப் பேரிடர் மானியத்தில் மாநிலப் பங்கு, 1950–1999

அமெரிக்க மத்திய அரசு மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் வழங்கும் பேரிடர் மீட்பு மானியம் பற்றி எழுதுபவர்கள் இன்றும் ரதர்ஃபோர்ட் பிளாட் வகுத்த பாதையிலேயே நடக்கிறார்கள். புவியியலும் சட்டமும் கற்ற பிளாட் 1999இல் வெளியிட்ட ‘டிசாஸ்டர்ஸ் அண்ட் டெமாக்ரசி’ நூலின் வாதம் எளிதில் மனத்தில் பதிவது. மாநில, உள்ளாட்சி முயற்சிகளுக்குத் துணையாகவே மத்திய உதவி இருக்கும் என்று 1950ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. பிறகு வந்த ஒவ்வொரு சட்டமும் ஒவ்வொரு பெரும்புயலும் அந்தத் துணையைப் பெருக்கின. குடியரசுத் தலைவர்கள் அரசியல் ஆதாயம் பார்த்துப் பேரிடர் அறிவிப்புகளை வாரி வழங்கினார்கள். செலவு தம் தலையில் விழாது என்று தெரிந்த உள்ளாட்சிகள், வெள்ளம் புகும் தாழ்நிலத்திலும் கடற்கரை மணலிலும் கட்டடம் எழுப்ப அனுமதித்தன. சுருங்கச் சொன்னால், துணையாக வந்தது சுமைதாங்கியாக மாறிவிட்டது என்பது பிளாட்டின் வாசிப்பு.

நிலப்பயன்பாட்டைப் பொறுத்தவரை அவருடன் எனக்குச் சண்டையில்லை. மானிய நிர்வாகத்தின் வரலாற்றை அந்தக் கோட்டில் அடக்குவதில்தான் கருத்து வேறுபடுகிறேன். பிளாட் பார்ப்பது மத்தியக் கருவூலத்திலிருந்து வெளியேறிய தொகையை. அந்தத் தொகையைக் கேட்பதற்கு ஓர் ஆளுநர் எதற்குக் கையெழுத்திட வேண்டியிருந்தது என்று பார்த்தால் கோடு நேராகப் போகவில்லை. அது 1980களில் ஓரிடத்தில் முறிகிறது. அந்த முறிவு சட்டத்தின் ஒரே ஒரு வாசக மாற்றத்தில் பதிவாகியிருக்கிறது.

தொடக்கப் புள்ளி பற்றி முதலில் ஒரு சொல். அரசு வெளியீடுகள் இந்த வரலாற்றை 1803இலிருந்து தொடங்குவது வழக்கம். 1802 டிசம்பர் 26 அன்று நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத் நகரம் எரிந்தது. அடுத்த ஆண்டு காங்கிரஸ் அந்நகர வணிகர்கள் சுங்கப் பிணைப் பத்திரங்களுக்குப் பணம் கட்டும் தவணையை நீட்டித்தது. மிஷேல் லாண்டிஸ் டாபர் 2013இல் எழுதிய ‘த சிம்பதெடிக் ஸ்டேட்’ நூலில், இத்தகைய நிவாரணச் சட்டங்களின் நீண்ட வரிசையே நியூ டீல் காலத்து நலத்திட்டங்களுக்கு முன்மாதிரி ஆனது என்று நிறுவுகிறார். அவர் கேட்கும் கேள்விக்கு அது சரியான விடை. ஆனால் போர்ட்ஸ்மத்தில் சலுகை பெற்றவர்கள் தனி வணிகர்கள். மாநிலம் அங்கே விண்ணப்பிக்கவில்லை, உறுதிமொழி தரவில்லை, கணக்கும் காட்டவில்லை. ஆகவே மாநிலத்தைப் பெறுநராக்கும் மானியத்தின் வம்சாவளியில் போர்ட்ஸ்மத்துக்கு இடமில்லை. போரில் மிஞ்சிய பொருட்களை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் தர வழிசெய்த 1947ஆம் ஆண்டுச் சட்டம்தான் நெருங்கிய மூதாதை.

1950 செப்டம்பர் 30 அன்று நிறைவேறிய 875ஆம் பொதுச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் மினசோட்டாவின் ஹெரால்ட் ஹேகன். அவ்வாண்டு வசந்தத்தில் பெருக்கெடுத்த ரெட் நதி அவரது தொகுதிப் பக்கம் ஓடுவது. சட்டம் சிறியது, அதற்கென அனுமதித்த தொகை 50 லட்சம் டாலர். உள்ளாட்சிகளின் பொது வசதிகளுக்கு அவசரப் பழுதுபார்ப்பும் தற்காலிக மாற்று ஏற்பாடும் மட்டும் உண்டு. பாலம் போனால் தற்காலிகப் பாலம் கிடைக்கும், நிரந்தரப் பாலம் ஊர்ப் பணத்தில்தான்.

இச்சட்டத்தில் ‘பெரும் பேரிடர்’ என்பதை வரையறுக்கும் ஒற்றை வாக்கியம் அமெரிக்கச் சட்டநடைக்கே உரிய மூச்சுமுட்டும் நீளம் உடையது. வெள்ளம், வறட்சி, தீ, சூறாவளி, நிலநடுக்கம் என்று அடுக்கிவிட்டு, குடியரசுத் தலைவரின் தீர்மானத்தைச் சொல்லி, கடைசியில் ஆளுநரிடம் வருகிறது. உதவி தேவை என்று ஆளுநர் சான்றளிக்க வேண்டும். அதோடு மாநிலமும் உள்ளாட்சிகளும் பிற அமைப்புகளும் அதே நோக்கத்துக்குத் தம் நிதியிலிருந்து ‘நியாயமான ஒரு தொகை’ செலவிடும் என்று உறுதி தர வேண்டும். இந்த உறுதிமொழி, விண்ணப்பப் படிவம் பற்றிய தனிப் பிரிவில் இல்லை, வரையறைக்குள்ளேயே இருக்கிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆளுநர் உறுதி தராதவரை, நதி எவ்வளவு பொங்கினாலும் சட்டத்தின் கண்ணில் பேரிடர் நிகழவில்லை.

நியாயமான தொகை எவ்வளவு? சட்டம் எண் தரவில்லை. 1953 ஜனவரியில் ட்ரூமன் இப்பொறுப்பை மத்தியக் குடிமைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு மாற்றிய 10427ஆம் நிர்வாக ஆணையும், மத்திய உதவி துணையானது, பதிலீடு அன்று என்று வலியுறுத்தியதோடு நிறுத்திக்கொண்டது. எண் இல்லாததை மெத்தனமாகப் படிப்பது எளிது. பிளாட்டின் கோட்டை ஏற்பவர்கள் அப்படித்தான் படிக்க வேண்டியிருக்கும். நான் அதை ஒரு பேரத்துக்கான இடமாகப் படிக்கிறேன். இதற்கு நேரடிச் சான்று மெலிது, சட்டத்தின் அமைப்பிலிருந்து ஊகிப்பதே அதிகம். நிரந்தரச் சீரமைப்புக்கு மத்தியப் பணம் கிடைக்காத காலத்தில், ஒரு கவுண்டி தன் பாலத்தை மீண்டும் கட்டுவதே ‘நியாயமான தொகை’யின் பெரும்பகுதியாக இருந்திருக்கும். பங்கைச் சதவீதத்தில் எழுத வேண்டிய தேவையே எழவில்லை. மானியத்துக்குள் அடங்காத வேலையெல்லாம் உள்ளூர்ப் பங்குதான்.

இந்த ஏற்பாடு குலைந்தது 1970இல். இடையில் வந்த சட்டங்களை விரைவாகக் கடக்கலாம். அலாஸ்கா நிலநடுக்கம், 1965ஆம் ஆண்டு பெட்சி புயல், 1969ஆம் ஆண்டு கமீல் புயல் என ஒவ்வொன்றும் தகுதிப் பட்டியலை நீட்டின. 1970ஆம் ஆண்டின் கடைசி நாளில் கையெழுத்தான 91-606ஆம் எண் சட்டம் நிரந்தரச் சீரமைப்பையும் உள்ளே கொண்டுவந்தது. நிகரச் செலவில் 100 விழுக்காடு வரை தரலாம் என்றது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தொடர்ந்தது. பிளாட்டின் கோடு மிக வலுவாக நிற்கும் இடம் இதுவே.

ஆனால் அந்த 100 விழுக்காடு உச்சவரம்பாக எழுதப்பட்டது. ‘மிகாமல்’ என்பதுதான் சட்டத்தின் வாசகம். முழுச் செலவையும் தரலாம் என்று அது அனுமதித்ததே ஒழிய, தந்தாக வேண்டும் என்று கட்டளையிடவில்லை. அதே 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஆளுநரின் உறுதிமொழியை இறுக்கியது. ‘நியாயமான தொகை’ என்ற சொற்கள் அப்படியே நின்றன. அவற்றோடு ஓர் அடைப்புக்குறிச் சேர்க்கை வந்தது: மாநில, உள்ளாட்சிச் செலவில் மாநில அரசின் பொறுப்பு குறிப்பிடத்தக்க பகுதியாக இருக்க வேண்டும். தாராளம் உச்சத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் சட்டமே இப்படி எழுதப்பட்டிருக்கிறது.

1979இல் மத்திய அவசரநிலை மேலாண்மை முகமையான ஃபீமா உருவானது. அடுத்த ஆண்டு மே 18 அன்று செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தது. கார்ட்டர் நிர்வாகம் அந்தச் சமயத்தில்தான் பொது வசதிச் செலவில் 25 விழுக்காட்டை மாநிலமும் உள்ளாட்சிகளும் ஏற்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கியது. இதற்காகக் காங்கிரஸ் ஒரு சொல்லையும் திருத்தவில்லை. உச்சவரம்பு மட்டுமே இருந்த சட்டத்தில் அதற்குக் கீழே எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். ‘நியாயமான தொகை’ என்ற வாசகத்துக்கு நிர்வாகம் தானே ஓர் எண் எழுதிக்கொண்டது. ஒப்பந்தத் தாளில் பிறந்த சதவீதம் இது. முறிவின் ஆண்டு 1980 என்பதா, சட்டத்தில் ஏறிய 1988 என்பதா என்றால், நான் முன்னதன் பக்கம் சாய்கிறேன். அடித்துச் சொல்லமாட்டேன், ஏனென்றால் நடுவில் 1986 குறுக்கிடுகிறது.

1986 ஏப்ரலில் ஃபீமா புதிய விதிகளை முன்மொழிந்தது. மத்தியப் பங்கு 50 விழுக்காடாகக் குறையும். மாநிலத்தின் தாங்குதிறனை மக்கள்தொகைக் கணக்கில் அளந்து, அளவு எட்டாத சேதத்துக்கு அறிவிப்பு மறுக்கப்படலாம். காங்கிரஸில் எதிர்ப்புக் கிளம்பியது, விதிகள் கைவிடப்பட்டன. 1988 நவம்பர் 23 அன்று வந்த ஸ்டாஃபோர்ட் சட்டத்தின் இரண்டு பிரிவுகளை அந்த மோதலின் தழும்புகளாகவே படிக்க வேண்டும். மத்தியப் பங்கு ‘75 விழுக்காட்டுக்குக் குறையாமல்’ என்றானது, அதாவது உச்சவரம்பு போய்க் கீழ்வரம்பு வந்தது. 320ஆம் பிரிவு, வருமானத்தையோ மக்கள்தொகையையோ வைத்த கணக்குச் சூத்திரம் ஒன்றை மட்டுமே காரணமாக்கி எந்தப் பகுதிக்கும் உதவி மறுக்கக் கூடாது என்றது.

மூன்றாவது மாற்றத்தை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஆளுநரின் உறுதிமொழியிலிருந்து ‘நியாயமான தொகை’ நீக்கப்பட்டது. அவ்விடத்தில், மாநில, உள்ளாட்சிச் செலவு ‘இச்சட்டத்தின்படி பொருந்தும் செலவுப் பகிர்வு விதிகள் அனைத்துக்கும் இணங்கும்’ என்ற வாசகம் ஏறியது. அடைப்புக்குறிச் சேர்க்கை மட்டும் 1974இல் இருந்தபடியே நிற்கிறது. 38 ஆண்டுகள் ஆளுநர் ஒரு முயற்சிக்கு உறுதி தந்தார். 1988க்குப் பிறகு ஒரு விதிக்கு இணங்குவதாக உறுதி தருகிறார். பேரம் பேசும் தரப்பு கணக்குத் தாக்கல் செய்யும் தரப்பாக மாறியது இங்கேதான்.

பிளாட் தரப்பு உடனே கேட்கும்: கீழ்வரம்பு என்பது மாநிலங்களுக்குக் கிடைத்த வெற்றிதானே? ஆம், ஓரளவுக்கு. 1992இல் ஆண்ட்ரூ புயலுக்குப் பின் ஃப்ளோரிடாவுக்கு மத்தியப் பங்கு 100 விழுக்காடாக உயர்ந்தது. 1993 மத்திய மேற்கு வெள்ளத்திலும் 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்திலும் 90 ஆனது. பிளாட் நூல் எழுதிய ஆண்டுகளின் காட்சி இது, அவர் கண்டதைத் தவறாகக் காணவில்லை. ஆனால் 100 விழுக்காடு என்பது தகுதியுள்ள செலவில் 100 விழுக்காடு. புயல் இரவில் பம்பு நிலையத்தைக் காத்த நகராட்சி ஊழியரின் ஓவர்டைம் ஊதியம் அவசரப் பணியில் தகுதி பெறும், அதே ஆளின் வழக்கமான நேர ஊதியம் பெறாது. காப்பீடு ஈடுகட்டும் தொகையும் கழிக்கப்படும். கழிக்கப்பட்ட ஒவ்வொன்றும் உள்ளூர்ப் பங்கு, ஆனால் எந்தச் சதவீதத்திலும் தெரியாது. 1950இல் நிரந்தரப் பாலத்தில் ஒளிந்திருந்தது இப்போது விதிப்புத்தகத்தின் உட்பிரிவுகளுக்குள் போய்விட்டது.

பணம் கைக்கு வந்த பிறகும் விஷயம் முடிவதில்லை. பெறுநர் மாநிலம், அதன் கீழ்ப் பெறுநர் கவுண்டியோ நகராட்சியோ பள்ளி மாவட்டமோ. கொள்முதலில் போட்டி இல்லை, ஒப்பந்தக்காரரின் மணிக்கணக்குக்குப் பதிவேடு இல்லை என்று ஆண்டுகள் கழித்து வரும் தணிக்கை சொன்னால் தொகை திரும்பப் போகும். 2000ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு 3 ஆண்டுக் காலவரம்பு வைத்தது. ஆனால் அந்த 3 ஆண்டு, பேரிடர் முழுமைக்குமான இறுதிச் செலவு அறிக்கையிலிருந்துதான் ஓடத் தொடங்கியது. ஒரு சிற்றூர் தன் சாலையை முடித்துக் கணக்கைக் கொடுத்துவிட்டாலும், அதே புயலில் பெருநகரத்தின் மருத்துவமனை வேலை இழுத்தால் சிற்றூரும் காத்திருக்க வேண்டும். தனித்தனிப் பணிக்குக் கடிகாரம் தனியாக ஓடும் என்று ஆனது 2018இல்.

1986இல் தோற்றதாக எழுதப்படும் சூத்திரம் உண்மையில் தோற்கவில்லை. தலைக்கு 1 டாலர் சேதம் என்ற அளவுகோலை ஃபீமா அன்றிலிருந்தே உள்ளே பயன்படுத்தி வந்தது. விதியாக வெளியிட்டது 1999இல்தான். ‘மட்டுமே’ என்ற ஒரு சொல் 320ஆம் பிரிவில் இருப்பதால், பல காரணிகளில் ஒன்றாக அது தப்பிப் பிழைத்தது. 13 ஆண்டுகள் அந்த 1 டாலர் விலைவாசியோடு ஏறவும் இல்லை. காங்கிரஸின் கணக்காய்வு அமைப்பான ஜி.ஏ.ஓ. 2012இல் கணக்கிட்டபோது, 2011இன் அளவுகோல் 1.30 டாலராக இருந்தது. 1986இலிருந்தே விலைவாசியைத் தொடர்ந்திருந்தால் 2.07, தனிநபர் வருமானத்தைத் தொடர்ந்திருந்தால் 3.57 ஆகியிருக்கும். வருமானக் கணக்கை வைத்திருந்தால், 2004 முதல் 2011 வரை பொது உதவி பெற்ற அறிவிப்புகளில் 44 விழுக்காடு தகுதி இழந்திருக்கும் என்றது அறிக்கை. பிளாட்டின் தாராள வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் அது காட்டும் காரணம் வேறு: அறிவிப்புகள் பெருகியதில் அரசியல் விருப்பம் எவ்வளவோ அவ்வளவு, திருத்தப்படாத ஓர் எண்ணுக்கும் பங்கு உண்டு.

இனி ஆய்வு போக வேண்டிய இடம் அந்த அடைப்புக்குறி. மாநிலப் பொறுப்பு குறிப்பிடத்தக்க பகுதியாக இருக்க வேண்டும் என்று சட்டம் 1974 முதல் சொல்லிவருகிறது. எவ்வளவு என்று சொல்லவில்லை. கலிஃபோர்னியா மத்தியமல்லாத 25இல் 18.75ஐத் தானே ஏற்று 6.25ஐ உள்ளாட்சிக்கு விடுகிறது. ஃப்ளோரிடா பாதிக்குப் பாதி பிரிக்கிறது. வீட்டுவசதித் துறையின் பேரிடர் மானியத்தையே இந்தப் பங்குக்கு ஈடாகக் காட்டவும் வழியுண்டு, அப்போது மத்தியப் பணத்துக்கு மத்தியப் பணமே பங்குப்பணம் ஆகிறது. 1950இன் ‘நியாயமான தொகை’ ஒழிந்துவிட்டதாக நான் கருதவில்லை. அது வாஷிங்டனுக்கும் மாநிலத்துக்கும் நடுவிலிருந்து இறங்கி, மாநிலத் தலைநகருக்கும் கவுண்டிக்கும் நடுவே போய் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்துக் கணக்கை மாநிலம் மாநிலமாக எடுத்துத் தொகுக்காதவரை, மத்தியச் செலவின் மொத்தத்தை மட்டும் வைத்து யார் சுமந்தார்கள் என்று தீர்ப்புச் சொல்வதை ஏற்க முடியாது.